குளத்து இறால் ஏன் பெருகவில்லை?

அன்புள்ள ஐயா,

ஹோட்டன் சமவெளி ஓடையில் வாழும் சிற்றிறாலைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். கடலையே காணாத அந்த இறால் மலையில் பெருகும்போது, எங்கள் குளத்தில் விட்ட நன்னீர் இறால் மட்டும் ஏன் பெருகவில்லை? வலையில் வரும் பெட்டைகளின் வயிறு நிறைய முட்டை. குஞ்சைத்தான் காணோம். மலட்டுக் குஞ்சைத் தந்துவிட்டார்கள் என்று சங்கத்தில் பேசிக்கொள்கிறார்கள்.

படுவான்கரை மீனவர் ஒருவர்

அன்புள்ள தம்பி,

குஞ்சு மலடில்லை. முட்டை பொரிக்கத்தான் செய்கிறது, பொரித்தது பிழைப்பதில்லை.

நீங்கள் விட்டது மக்ரோபிராக்கியம் ரோசன்பெர்கி. நன்கு வளர்ந்த பெட்டை ஒரே சூலில் 80,000 முட்டைக்கு மேலும் சுமக்கும். செம்மஞ்சள் முட்டை சாம்பல் நிறமானால் இரண்டு மூன்று நாளில் பொரிக்கும். வெளிவரும் குடம்பி தலைகீழாக, வால் முன்னே போக நீந்தும். அதற்கு உவர்நீர் வேண்டும். கடலுப்பில் மூன்றில் ஒரு பங்கு போதும். நல்ல தண்ணீரிலேயே கிடந்தால் சில நாளில் செத்துப்போகும். இதை மீன்வள அறிவியலாளர் ஷாவோ-வென் லிங் 1960களின் தொடக்கத்தில் பினாங்கில் கண்டறிந்த பிறகே இந்த இறாலுக்குக் குஞ்சு பொரிப்பகம் நடத்த முடிந்தது.

மலையிறாலான கரிடினா சிங்களென்சிஸின் வழி வேறு. 2,000 மீற்றருக்கு மேலே, குளிர்ந்த ஓடையில், பெலிஹுல் ஓயா ஆற்றின் தலைப்பகுதியில் மட்டும் அது வாழ்கிறது. இப்படி மலையோடையில் நிலைத்துவிட்ட இறால்கள் கொஞ்ச முட்டைதான் இடும், ஆனால் பெரிய முட்டை. நீண்ட குடம்பிப் பருவத்தின் பெரும்பகுதி முட்டைக்குள்ளேயே முடிந்துவிடுவதால் உப்பைத் தேடிப் போகவேண்டியதில்லை. ஆனால் அந்த ஓடை கெட்டால் அதற்குப் போக்கிடம் கிடையாது. அதனால்தான் அதை எழுதினேன்.

உங்கள் இறாலுக்கு ஆறும் உவர்நீர் வாவியும் இரண்டும் வீடு. மாரியில் குளம் நிரம்பி வான் (மிகைநீர் வழியும் கலிங்கு) பாயும்போது சூல் பெட்டை கீழே இறங்கிவிடலாம். வாவியில் வளர்ந்த குஞ்சு திரும்பி ஏறுவதுதான் பாடு, குறுக்கே அணைக்கட்டு நிற்கிறது. ஆண்டுதோறும் குஞ்சு வாங்கி விடுவது தேவைதான். ஆனால் வழியை அடைத்துவிட்டு குஞ்சை மட்டும் வாங்கிக்கொண்டிருப்பது எனக்கு ஒப்பவில்லை.

வான் பாயாத காலத்தில் குளத்தில் பிடிபடும் சூல் இறாலைத் தயங்காமல் விற்கலாம், அங்கே அதன் முட்டை எப்படியும் வீண். வாவியிலும் ஆற்றுமுனையிலும் பிடிபட்டால் விட்டுவிடச் சொல்லுங்கள். இறால் குஞ்சு ஈரக் கல்லைப் பற்றிச் செங்குத்தாகவே ஏறக்கூடியது. குளத்து வானைத் திருத்த ஆள் வரும்போது, ஓரத்தில் தண்ணீர் கசிந்து நனைகிற சொரசொரப்பான கற்சரிவு ஒன்று விடும்படி சங்கம் எழுத்தில் கேட்கட்டும்.