வாய்ட் டெக்கில் காத்திருக்கும் அப்பா

கேள்வி: அன்புள்ள அக்கா, நான் பாலிடெக்னிக் மூன்றாம் ஆண்டு மாணவி. சிங்கப்பூர் ஆயர் ராஜா கிரசென்ட்டில் ஒரு ஸ்டார்ட்டப்பில் ஆறு மாத வேலைப் பயிற்சியில் இருக்கிறேன். சேர்ந்தபோது 30 பேர், இப்போது 55. நிறுவனத்தை யாரோ வாங்கப்போவதாகவும் பேச்சு. மூன்று மாதத்தில் மூன்று மேலாளர்கள். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் விலகியதால் அவர் வேலையும் என்னிடமே வந்துவிட்டது. என்மேல் அவ்வளவு நம்பிக்கை. இரவு 11 மணிக்குத்தான் கிளம்ப முடிகிறது. யீஷூனில் வீடு வந்து சேர 12 ஆகும். வேண்டாம் என்றாலும் கேட்காமல் அப்பா புளோக்குக்குக் கீழே, வாய்ட் டெக் என்கிற திறந்த கீழ்த்தளத்தில் வந்து உட்கார்ந்திருப்பார். அவர் பஸ் ஓட்டுநர், காலை ஷிஃப்ட். அது பரவாயில்லை, பழகிவிட்டது. நிரந்தர வேலையும் நிறுவனத்தில் பங்கும் தருகிறேன், ஆனால் உடனே சேர வேண்டும் என்கிறார் நிறுவனர். கடைசி செமஸ்டரைத் தள்ளிவைக்கலாமா?
– யீஷூன் வாசகி (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது)

பதில்: "பழகிவிட்டது" என்று எழுதியிருக்கிறாயே, யாருக்கு?

இடம் கருதிக் கடிதத்தைச் சுருக்கிவிட்டோம். முழுக்கடிதத்தில் மூன்று மேலாளர்களின் குணநலன்கள் ஒன்றரைப் பக்கம் ஓடுகின்றன. அப்பாவுக்கு மூன்று வரிதான். அந்த மூன்று வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

வா, கணக்குப் போடுவோம். காலை ஐந்தரை வாக்கில் பஸ்ஸை எடுக்க வேண்டியவர் ஐந்துக்கு முன்பே டிப்போவில் இருக்க வேண்டும். அதற்கு நாலு மணிக்காவது எழுந்தாக வேண்டும். நீ வந்து, இருவரும் லிஃப்டில் ஏறி, அவர் படுக்கும்போது மணி பன்னிரண்டரை. மிச்சம் மூன்றரை மணி நேரம். அந்தத் தூக்கத்தோடு ஒரு டபுள் டெக்கரை எடுக்கிறார். ஆறரை மணி பஸ்ஸில் யார் ஏறுவார்கள் என்று உனக்கே தெரியும். முதுகுப் பையோடு பள்ளிக்கூடப் பிள்ளைகள். மேல்தளம் முன் இருக்கைக்கு அடித்துக்கொள்வார்களே, அதே பிள்ளைகள்தான்.

என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் 22 வருடம் ஷிஃப்ட் பார்த்தவர். இரண்டு ராத்திரி தூக்கம் கெட்டால் மூன்றாம் நாள் சாப்பிட உட்கார்ந்தபடியே கண் சொக்கிவிடும். குழம்பு ஊற்றிய சோற்றில் கை அப்படியே நிற்கும். எழுப்பினால் "தூங்கலையே" என்பார். உன் அப்பாவும் கேட்டால் அதையேதான் சொல்வார்.

"நானா வரச் சொன்னேன்?" என்று நீ கேட்பது காதில் விழுகிறது. பிள்ளை வீடு வந்து சேராமல் படுத்துத் தூங்குகிற தகப்பனை நான் பார்த்ததில்லை. நம் ஊரில் நடுராத்திரியில் தனியாக நடந்து வரலாம் என்பது அவருக்கும் தெரியும். தெரிந்தும் இறங்கி வருகிறார். பழைய பஞ்சாங்கம் என்று சொல்வாய், சொல்லிக்கொள். அவரை மாற்றுவது நடக்காது. மாற வேண்டியது நீ வீட்டுக்கு வரும் நேரம்தான்.

சரி, ஏன் 11 மணி ஆகிறது? விலகிப் போனவரின் வேலை உன் தலையில் இருக்கிறது, அதனால். இதை நம்பிக்கை என்கிறாய். ஒரு முழுச் சம்பளத்தை மிச்சம்பிடித்து, பயிற்சிப் படியிலேயே காரியத்தை முடித்துக்கொள்கிறார்கள் என்று நான் படிக்கிறேன். பயிற்சி தொடங்கும்போது என்ன வேலை, யார் மேற்பார்வை என்றெல்லாம் பாலிடெக்னிக்குக்கு எழுதிக் கொடுத்திருப்பார்களே, அதில் இன்றைக்கு எது மிச்சம்? உங்கள் பாலிடெக்னிக்கில் உனக்கென்று ஒரு தொடர்பு ஆசிரியர் இருப்பார். வேலையும் மேலாளரும் மாறிப்போனது அவருக்குத் தெரியுமா? கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு சொல் இல்லை. நாளைக்கே அவருக்கு எழுது. புகாராக வேண்டாம், நடந்ததை நடந்தபடி தேதியோடு எழுது. அப்புறம் புது மேலாளரிடம், ஏழு மணிக்குக் கிளம்புகிறேன், அதற்குள் செய்யக்கூடியது இவ்வளவு, எதை முதலில் முடிக்கட்டும் என்று கேள். வளர்கிற நிறுவனத்தில் அந்தக் கேள்வியை யாரும் கேட்காததால்தான் எல்லாரும் பதினொரு மணி வரை உட்கார்ந்திருக்கிறார்கள்.

பங்கு விஷயம். ஸ்டார்ட்டப்புகளில் வழக்கமாகப் பங்கு நாலு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கைக்கு வரும். முதல் வருடம் முடியுமுன் வெளியேறினால், அல்லது வெளியேற்றப்பட்டால், பெரும்பாலும் ஒன்றும் கிடையாது. வாங்க வருகிறவர் ஆட்குறைப்பு செய்தால்? இங்கே சட்டப்படி இரண்டு வருடச் சேவை இல்லாதவருக்கு ஆட்குறைப்பு இழப்பீடு கேட்கும் உரிமையே இல்லை. உன் கையில் அப்போது பங்கும் இருக்காது, டிப்ளோமாவும் இருக்காது. நிறுவனருக்கு நீ உண்மையிலேயே வேண்டுமென்றால் ஒரு செமஸ்டர் பொறுப்பார். படிப்பு முடிந்து சேரும் தேதி, சம்பளம், பங்கு எல்லாவற்றையும் எழுத்தில் தரச் சொல். எழுதித் தர யோசித்தால் உன் கேள்விக்கு அதுதான் பதில்.

செமஸ்டரைத் தள்ளிவைக்கும் யோசனையை வீட்டில் இன்னும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். முன்பின் தெரியாத எனக்கு நாலு பக்கம் எழுதியிருக்கிறாய், தினமும் கீழே வந்து உட்கார்ந்திருப்பவரிடம் ஒரு வார்த்தை இல்லை. அவரிடம் பேசு. நடுராத்திரியில் லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது வேண்டாம், அவருடைய ஓய்வு நாளில், பகலில் பேசு. அவருக்கு இந்த வாரம் எந்தக் கிழமை ஓய்வு என்றாவது தெரியுமா உனக்கு?