திருடாமல் இருந்தால் போதுமா?

அன்புள்ள ஐயா,

புறங்கூறும் பழக்கம் எனக்கு உண்டு. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து காலம் ஒவ்வொன்றிலும் ‘இனி யாரைப் பற்றியும் குறை பேசமாட்டேன்’ என்று தீர்மானம் எடுப்பேன். அந்த நாற்பது நாளும் வாயைக் கட்டிக்கொண்டு இருந்துவிடுவேன். ஈஸ்டர் முடிந்ததும் விட்டதையெல்லாம் சேர்த்துப் பிடிப்பதுபோல முன்பைவிட அதிகமாகப் பேசுகிறேன். ஜெபக்குழுவில் ஒருவர், ‘நீங்கள் சுயபெலத்தில் முயல்கிறீர்கள், கிருபையிடம் விட்டுவிடுங்கள்’ என்றார். விட்டுப் பார்த்தேன், அதே வாய்தான். கோளாறு என் விசுவாசத்திலா, மனவுறுதியிலா? இன்னொன்று: நான் மோசமாகப் பேசிய ஒரு தோழிக்கு அது இன்றுவரை தெரியாது. அவளிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டுமா?

ம.

அன்புள்ள ம.,

நாற்பது நாள் வாயை அடக்குகிறவருக்கு மனவுறுதி இல்லை என்று யார் சொல்ல முடியும்? உங்கள் தீர்மானம்தான் பாதியோடு நின்றுவிடுகிறது.

பழைய மனுஷனைக் களைந்துபோட்டுப் புதிய மனுஷனைத் தரித்துக்கொள்ளுங்கள் என்று எபேசியருக்கு எழுதிய நிருபத்தின் 4-ஆம் அதிகாரத்தில் அப்போஸ்தலன் பவுல் சொல்வதை வைத்து எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருப்பீர்கள். நான்கு வசனம் தள்ளி அவர் ஒரு திருடனைப் பற்றிப் பேசுவது அந்த அளவுக்குக் காதில் விழுவதில்லை. திருடுகிறவன் இனித் திருடாமல் இருக்கட்டும் என்பதோடு அவர் முடித்திருக்கலாம். சட்டம் அதற்குமேல் எதையும் கேட்பதில்லை. பவுல் கேட்கிறார். அவன் தன் கைகளால் உழைக்க வேண்டும், அதுவும் குறைச்சலுள்ளவனுக்குக் கொடுப்பதற்காக. அடுத்தவர் பொருளை எடுத்த கை அடுத்தவருக்குக் கொடுக்கிற கையாகும்வரை அவன் மாறிவிட்டான் என்று பவுல் ஒப்புக்கொள்வதாகத் தெரியவில்லை. உங்களுக்கான வசனம் அதற்கு அடுத்தது. கெட்ட வார்த்தை வாயிலிருந்து புறப்பட வேண்டாம் என்றபின் அவர் மௌனம் காக்கச் சொல்லவில்லை. கேட்கிறவர்களுக்குப் பிரயோஜனமானதைப் பேசச் சொல்கிறார்.

ஈஸ்டருக்குப் பிறகு ஏன் இரட்டிப்பாகிறது என்பதற்கு மத்தேயு 12-இல் இயேசுவே பதில் வைத்திருக்கிறார். அசுத்த ஆவி ஒரு மனுஷனை விட்டுப் போன பிறகு அதன் வீடு, அதாவது அவன் உள்ளம், பெருக்கி ஜோடிக்கப்பட்டிருக்கிறது. குறை ஒன்றுதான், உள்ளே யாரும் இல்லை. போன ஆவி தன்னிலும் பொல்லாத ஏழு ஆவிகளைக் கூட்டிக்கொண்டு திரும்புகிறது. உபவாசம் என்பதையே நாம் வீட்டைக் காலி செய்வது என்று சுருக்கிவிட்டோம். இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் எழுதப்பட்ட ‘எர்மாவின் மேய்ப்பன்’ என்ற நூல், உபவாச நாளில் அப்பமும் தண்ணீரும் மட்டும் எடுத்துக்கொண்டு, சாப்பிடாமல் விட்ட உணவின் விலையைக் கணக்கிட்டு ஒரு விதவைக்கோ அநாதைக்கோ கொடுக்கச் சொல்கிறது. விட்டதற்கும் கொடுத்ததற்கும் ஒரே கணக்கு.

சரி, புறங்கூறுதலின் இடத்தில் எதை வைப்பது? அது எதனால் வருகிறது என்று பார்த்தால்தான் தெரியும். அங்கே இல்லாத ஒருவரின் பெயர் பேச்சில் அடிபடுகிறது. உங்களுக்கு ஒரு விஷயம் தெரியும். தொண்டை வரை வந்துவிட்டது. எதிரில் இருப்பவர் சற்று முன்னால் சாய்கிறார். அந்த நேரத்து ருசி பொறாமையாக இருக்கலாம், கவனிக்கப்பட வேண்டும் என்ற ஆசையாகவும் இருக்கலாம். ஆனால் பெரும்பாலும் அடியில் கிடப்பது கோழைத்தனம் என்பது என் எண்ணம். உரியவரிடம் நேரில் சொல்லத் துணியாததை இன்னொருவரிடம் சொல்லித் தீர்த்துக்கொள்கிறோம். அப்படியானால் நீங்கள் பழக வேண்டிய குணம் அடக்கமல்ல, தைரியம். உன் சகோதரன் உனக்கு விரோதமாகக் குற்றம் செய்தால் நீயும் அவனும் தனித்திருக்கையில் அதை அவனுக்கு உணர்த்து என்கிறது மத்தேயு 18. மனத்தாங்கலை உரியவரிடமே, தனியாக, அன்றைக்கே சொல்லப் பழகுங்கள். முதல் சில முறை நாக்கு குழறும். பொறாமைதான் காரணம் என்று கண்டால் மருந்து வேறு: அவரிடம் உள்ள ஒரு நல்லதை, உண்மையாகவே உள்ளதை, அதே கூட்டத்தில் சொல்லுங்கள்.

(‘அவருக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்’ என்று தொடங்கி அவருடைய வீட்டு விவகாரம் முழுவதையும் ஜெபக்குழுவில் பரப்பும் கலை ஒன்று உண்டு. அதையும் இந்தக் கணக்கிலேயே சேர்க்கவும்.)

ஜெபக்குழு நண்பர் கிருபையைப் பற்றிச் சொன்னது தவறில்லை. அதை முயற்சிக்கு எதிராக நிறுத்தியதுதான் தவறு. பிரயாசப்படுங்கள், ஏனென்றால் விருப்பத்தையும் செய்கையையும் உண்டாக்குகிறவர் தேவனே என்று பிலிப்பியருக்கு எழுதிய பவுல் இரண்டையும் ஒரே மூச்சில்தான் சொன்னார். தம் மனமாற்றத்தை ‘அறிக்கைகள்’ என்ற நூலில் எழுதிவைத்த ஆதித் திருச்சபை ஆசிரியர் அகுஸ்தீனைப் பாருங்கள். 386-இல் மிலான் நகரத் தோட்டத்தில் அவர் திறந்து வாசித்தது, வெறியையும் காமத்தையும் விட்டு இயேசு கிறிஸ்துவைத் தரித்துக்கொள்ளச் சொல்லும் ரோமர் 13-ஆம் அதிகாரத்தின் கடைசி வரிகள். சந்தேக இருள் முழுவதும் நீங்கியது என்கிறார். அதே ‘அறிக்கைகள்’ நூலின் பத்தாம் பகுதியை எழுதும்போது அவர் ஆயர். பத்தாண்டுக்கு மேல் ஓடிவிட்டது. உணவின் ருசியும் பிறர் புகழ்ச்சியும் தம்மை இன்னும் இழுப்பதாக ஒளிக்காமல் எழுதுகிறார். ஓர் ஈஸ்டருக்குள் முடிய வேண்டும் என்று உங்களுக்குக் கெடு வைத்தது யார்?

தோழி விஷயத்தில் அவசரப்பட வேண்டாம். அவளுக்குத் தெரியாததைப் போய்ச் சொன்னால் பாரம் உங்களை விட்டு அவள் தலையில் ஏறும். வரி வசூலிப்பவனான சகேயு இயேசுவைச் சந்தித்தபோது, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றான். நீங்கள் அவளிடமிருந்து எடுத்தது அவளுடைய நற்பெயர். அது இப்போது கேட்டவர்களிடம் இருக்கிறது. எனவே முதலில் அவர்களிடம் போங்கள். ‘அன்று அவளைப் பற்றி நான் சொன்னது நியாயமில்லை’ என்று ஒவ்வொருவரிடமும் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர்களில் ஒருவர், ‘அடடா, அதை நான் வேறு சிலரிடமும் சொல்லிவிட்டேனே’ என்றால், அது அவள் காதுக்கு எட்டுமுன் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள்.