மாண்டிசோரி (பிள்ளைகள் தாங்களே செய்து கற்கும் முறை) பாலர் பள்ளியில் படித்த மகள் இப்போது தொடக்கநிலை 1. ‘ஏன், எப்படி’ என்று ஓயாமல் கேட்கிறாள். தேடச் சொன்னால் யூடியூப் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறாள். என்ன செய்யலாம்?

பெரும்பாலும் கேள்வி பெரிதாக இருப்பதுதான் சிக்கல். ‘மீன்களைப் பற்றி’ என்று கிளம்பினால் பெரியவர்களே பாதியில் நிற்போம். ‘மட்ஸ்கிப்பர் (சேற்றில் வாழும் மீன்) தண்ணீருக்கு வெளியே எப்படி மூச்சு விடுகிறது?’ என்றால் ஒரு வாரத்தில் முடியும். ஏ4 தாளை நான்காகக் கிழித்துக் கொடுங்கள். சீட்டுக்கு ஒரு கேள்வி. தோன்றுவதையெல்லாம் எழுதட்டும், ஒன்றை மட்டும் அவளே தேர்ந்தெடுக்கட்டும். புத்தகத்தைத் தொடுமுன் தன் ஊகத்தையும் எழுதி வைக்கணும். தப்பாக இருந்தாலும் திருத்தாதீர்கள்.

நூலகத்தில் இரண்டு புத்தகம் போதும். பத்து எடுத்தால் படம் பார்ப்பதோடு சரி. படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் நிற்பதை ஒரே வாக்கியமாகச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். திறந்து வைத்தால் வரி மாறாமல் காப்பியடிப்பார்கள். சீட்டின் பின்புறம் புத்தகப் பெயர், பக்க எண். இரண்டு புத்தகமும் வேறுவேறாகச் சொன்னால் நீங்கள் தீர்ப்புச் சொல்லாதீர்கள், மூன்றாவதைத் தேடிப் போகட்டும்.

6–12 வயதுக்கான மாண்டிசோரி திட்டத்தில் வெளியே போய்ப் பார்ப்பதும் பாடம்தான். (இத்திட்டம் பெரிதும் உருப்பெற்றது, 1940களில் இம்முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி அம்மையார் கொடைக்கானலில் இருந்தபோது.) பள்ளிச் சுற்றுலா வேறு, இதில் கேள்வி முதலில் வரும், பிள்ளைகள் இரண்டு மூன்று பேராகத் தாங்களே திட்டமிடுவார்கள். மட்ஸ்கிப்பரைப் பார்க்கச் சிங்கப்பூரின் சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்துக்குப் போவதென்றால் கிராஞ்சி எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு எத்தனை நிலையம், எந்த பஸ், நீர் வற்றும் நேரம் எது என்பதை அவளே பார்க்கட்டும். கடைசியதை விட்டால் பயணமே வீண்: நீர் ஏறியிருந்தால் சேற்றுப்பரப்பே தெரியாது. வற்றிய நேரத்தில், மட்ஸ்கிப்பர் ஈரச் சேற்றில் அடிக்கடி புரள்வதைப் பார்க்கலாம். தோல் காய்ந்தால் தோல்வழிச் சுவாசம் நடக்காது. செவுள் அறையில் நீரை அடக்கி வைப்பது கண்ணுக்குத் தெரியாது, அதற்குப் புத்தகம்தான்.

மாண்டிசோரி வகுப்பில் சுமார் மூன்று மணி நேரம் இடையூறில்லாமல் வேலை நடக்கும். துணைப்பாடம் இல்லாத ஒரு காலையில் வீட்டில் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கினால் நல்லது. எல்லாக் கேள்வியையும் ஆராய்ச்சியாக்க வேண்டாம், சிலவற்றுக்குச் சட்டென்று பதில் சொல்லிவிடலாம். ‘எதைக் கேட்டாலும் வேலை வைக்கிறார்கள்’ என்று பட்டுவிட்டால் கேட்பதையே நிறுத்திவிடுவாள்.

சுவரொட்டியெல்லாம் தேவையில்லை, அதைக் கடைசியில் அம்மாதான் ஒட்டுவார். சீட்டுகளை வரிசையாக அடுக்கி, பாட்டியிடம் தமிழில் விளக்கட்டும். எங்கே திணறுகிறாளோ, அந்தச் சீட்டை மறுபடி தேடணும்.