நல்லாத்தானே ஓடுது, எதற்கு மாற்ற வேண்டும்?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றியே இருக்கின்றன: விண்டோஸ் 10-ஐ விட்டு 11-க்குப் போகலாமா, வேண்டாமா? அதனால் மிக்சி, வாஷிங் மெஷின் கேள்விகளை அடுத்த தடவைக்கு ஒதுக்கிவிட்டேன். மன்னிக்கவும்.

கேள்வி: கும்பகோணத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியன் நான். வயது 66. ஏழு வருடம் முன்பு வாங்கிய கணினியில் விண்டோஸ் 10 இருக்கிறது. கரண்ட் பில் கட்டுவது, நெட் பேங்கிங், வெளிநாட்டில் இருக்கும் மகளோடு வீடியோ கால், என் தேவை இவ்வளவுதான். விண்டோஸ் 11-க்கு மாறச் சொல்லித் திரையில் அடிக்கடி வருகிறது. "மாத்துங்கப்பா, ஏன் இந்தப் பிடிவாதம்?" என்று மகளும் கேட்கிறாள். இது பிடிவாதமா?

பதில்: இல்லை ஐயா. உங்கள் வீட்டு அடுப்படியில் அஞ்சறைப்பெட்டியை யாராவது மேல்தட்டில் மாற்றி வைத்துப் பாருங்கள். ஒரு மாதத்துக்குக் கை பழைய இடத்துக்குத்தான் போகும். விண்டோஸ் 11-இல் நடந்திருப்பதும் அதுதான். இடது மூலையில் இருந்த ஸ்டார்ட் பொத்தான் நடுவில் வந்து உட்கார்ந்திருக்கிறது. செட்டிங்ஸில் போய் அதை இடப்பக்கம் நகர்த்திக்கொள்ளலாம், அது வேறு. ரைட் கிளிக் செய்தால் வரும் பட்டியல் சுருங்கி, வழக்கமாகத் தேடும் சில வசதிகள் இன்னொரு கிளிக்குக்குப் பின்னால் போய்விட்டன. அவ்வப்போது கணினியைத் தொடுபவருக்கு ஒவ்வொரு இடமாற்றமும் ஒரு தொல்லைதான்.

ஆனால் தயக்கத்துக்கு முகப்பு மட்டும் காரணமில்லை. 2007-இல் விண்டோஸின் புதுப் பதிப்பாக விஸ்டா வந்தது. அதற்கு முந்தைய எக்ஸ்பி பதிப்பை வைத்திருந்தவர்கள் நகரவே மறுத்தார்கள். மறுநாளே பிரிண்டர் ஓடவில்லை, சவுண்ட் வரவில்லை என்ற புகார்கள். அந்தச் சாதனங்களைக் கணினியோடு பேசவைக்கும் சிறு மென்பொருள்களான டிரைவர்களை அவற்றைத் தயாரித்தவர்கள் சரிவரத் தயார் செய்திருக்கவில்லை. மக்கள் பழக்கத்தால்தான் எதிர்க்கிறார்கள் என்று காட்ட, விண்டோஸைத் தயாரிக்கும் மைக்ரோசாப்ட் 2008-இல் ஒரு வேலை செய்தது. விஸ்டா பிடிக்காது என்று சொன்னவர்களை அழைத்து, "மொஹாவி" என்ற பெயரில் புதிதாக ஒன்று வரப்போகிறது என்று காட்டினார்கள். பார்த்தவர்கள் நன்றாக இருக்கிறதே என்றார்கள். அப்புறம்தான் இது விஸ்டாவே என்று உடைத்தார்கள். அதை விளம்பரமாகவும் ஓட்டினார்கள்.

எனக்கு அந்த விளம்பரம் எதிர்த் தரப்புக்குச் சாட்சி சொன்னதாகவே படுகிறது. அங்கே இருந்தது நிறுவனமே தயார்படுத்தி வைத்த கணினி. ஓட்டிக் காட்டியதும் அவர்களுடைய ஆள். வீட்டிலிருந்து உங்கள் பிரிண்டரை எடுத்து வாருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. சிக்கல் திரையில் இருந்திருந்தால்தானே அங்கே தெரியும்? அது வீட்டு மேசையில் அல்லவா இருந்தது! என் வீட்டிலும் ஒரு ஸ்கேனர் இருக்கிறது. கண்ணாடியில் கீறல்கூட இல்லை. கணினியை மாற்றிய நாளிலிருந்து அதன்மேல் பழைய நாளிதழ்களை அடுக்குகிறோம்.

அடுத்தது நம்பிக்கை. 2016-இல் விண்டோஸ் 10-ஐ இலவசமாகக் கொடுத்தபோது ஒரு அறிவிப்புப் பெட்டி வந்துகொண்டே இருந்தது. வேண்டாம் என்று நினைத்து மூலையில் இருந்த பெருக்கல் குறியை அழுத்தினாலும், மாறுவதற்குக் குறித்த நேரம் ரத்தாகாமல் அப்படியே நின்றது. கலிஃபோர்னியாவில் பயண ஏற்பாட்டுத் தொழில் செய்த ஒரு பெண், தான் கேட்காமலே நடந்த மாற்றத்தால் கணினி கெட்டுத் தொழில் முடங்கியது என்று வழக்குப் போட்டு 10,000 டாலர் பெற்றார். மைக்ரோசாப்ட் தவறை ஒப்புக்கொள்ளவில்லை, மேல்முறையீட்டையும் கைவிட்டது. 2018 அக்டோபரில் வந்த ஒரு பெரிய அப்டேட் சிலருடைய கோப்புகளையே அழித்துவிட, அதை நிறுத்திவைத்துச் சரிசெய்து நவம்பரில்தான் மறுபடி வெளியிட்டார்கள். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பார்கள். அந்தப் பூனையைப் பிடிவாதக்காரன் என்று சொல்வீர்களா?

இவ்வளவும் உங்கள் பக்கம். இப்போது மகள் பக்கம். அப்டேட் வேறு, அப்கிரேட் வேறு. அப்டேட் என்பது இருக்கும் வீட்டில் உடைந்த தாழ்ப்பாளைச் சரிசெய்வது. அப்கிரேட் என்பது வீடு மாறுவது. இரண்டும் ஒரே பொத்தானில், ஒரே மாதிரி நச்சரிப்போடு வருவதால், வீடு மாறப் பிடிக்காதவர்கள் தாழ்ப்பாள் போட வந்தவரையும் சேர்த்து விரட்டிவிடுகிறார்கள். 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வானாக்ரை என்ற தீநிரல் பரவி, இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சைகள்கூடத் தள்ளிப்போயின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் மாதமே வந்துவிட்டது. மாட்டியவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள். அப்போது விண்டோஸ் 7-க்கு ஆதரவு இருந்தது, அப்டேட்டும் இருந்தது. போட்டிருந்தால் தப்பித்திருக்கும்.

ஆக, அப்கிரேடைத் தள்ளிப்போட உங்களுக்கு உரிமை உண்டு, அப்டேட் வந்துகொண்டிருக்கும் வரைக்கும். விண்டோஸ் 10-க்கு வழக்கமான இலவச அப்டேட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. நெட் பேங்கிங் செய்யும் கணினி என்பதால் இதில் நான் மகள் பக்கம் சாய்கிறேன்.

செய்ய வேண்டியது இதுதான். மைக்ரோசாப்டின் "பிசி ஹெல்த் செக்" என்ற சிறு செயலியைப் போட்டு ஓட்டுங்கள், உங்கள் கணினி 11-க்குத் தகுதியா என்று சொல்லிவிடும். ஏழு வருடக் கணினி என்றால் எல்லைக்கோட்டில் நிற்கும். கணினியின் மூளையான பிராசஸர் இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்றுக்கொள்கிறார்கள். "டிபிஎம் 2.0 இல்லை" என்று வந்தால் உடனே மனம் தளர வேண்டாம். அது ஒரு பாதுகாப்பு வசதி. பல கணினிகளில் உள்ளேயே இருக்கும், விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்பான பயாஸில் அணைத்து வைத்திருப்பார்கள். தகுதி இருந்தால், மகள் ஊருக்கு வரும்போது, அவர் பக்கத்தில் இருக்க மாற்றுங்கள். இல்லையென்றால் நான்காவது கேள்வியைப் பாருங்கள்.

கேள்வி: திருச்சியிலிருந்து எழுதுகிறேன். லேப்டாப்பில் வாங்கும்போதே ஒரிஜினல் விண்டோஸ் 10 இருந்தது. விண்டோஸ் 11 போட சர்வீஸ் கடையில் 3,500 ரூபாய் கேட்கிறார். அதில் லைசென்ஸ் மட்டும் 2,500 என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: லைசென்ஸுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள் அம்மா. ஒரிஜினல் விண்டோஸ் 10 இருந்து, லேப்டாப்புக்குத் தகுதியும் இருந்தால் 11 இலவசம். லைசென்ஸ் அந்த லேப்டாப்போடு ஒட்டிக்கொண்டே வரும். செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து, டிஜிட்டல் லைசென்ஸோடு ஆக்டிவேட் ஆகியிருப்பதாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் கடைக்காரர் கேட்கக்கூடியது வேலைக்கூலி மட்டும். அந்தக் கூலியைக் குறை சொல்ல மாட்டேன். உங்கள் கோப்புகளைப் பத்திரமாக எடுத்துவைத்து, டிரைவர் எல்லாம் சரியாகப் போட்டுக் கொடுத்தால் அது உழைப்புதான்.

லேப்டாப்புக்குத் தகுதியே இல்லை, ஆனாலும் "நாங்க போட்டுத் தர்றோம்" என்கிறாரா? சோதனையைத் தாண்டிப் போட வழிகள் உண்டு. ஆனால் அப்படிப் போட்ட கணினிக்கு அப்டேட் உறுதி கிடையாது என்று மைக்ரோசாப்ட் சொல்லியிருக்கிறது. அப்டேட்டுக்காகத்தானே மாறுகிறோம்?

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. புதிதாக விண்டோஸ் 11 போடும்போது ஒரு மைக்ரோசாப்ட் கணக்கு கேட்கும். சில கடைகளில் அவசரத்துக்குத் தங்கள் கணக்கையே போட்டு முடித்துவிடுவார்கள். இப்போதைய விண்டோஸ் 11 பல லேப்டாப்புகளில் டிஸ்க்கைத் தானாகவே பூட்டிவிடுகிறது. அந்தப் பூட்டின் மீட்புச் சாவி, முதலில் எந்தக் கணக்கு போடப்பட்டதோ அங்கே போய்ச் சேரும். ஆறு மாதம் கழித்து ஒருநாள் கணினி அந்தச் சாவியைக் கேட்கும்போது, கடையில் வேலை செய்த பையன் வேறு ஊருக்குப் போயிருப்பான். அதனால் அந்தக் கட்டத்தில் நீங்களே உட்கார்ந்து உங்கள் கணக்கைப் போடுங்கள். மீட்புச் சாவியை ஒரு தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். லைசென்ஸ், கூலி இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து பில் கேளுங்கள். பில் இருந்தால்தான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசும்போது கையில் ஏதாவது இருக்கும்.

கேள்வி: சிவகாசிப் பக்கம் அழைப்பிதழ் அச்சகம் நடத்துகிறேன். பேஜ்மேக்கரும் பழைய தமிழ் ஃபாண்ட்களும் இருக்கும் விண்டோஸ் 7 கணினிதான் இருபது வருடச் சோறு. பழைய கல்யாணப் பத்திரிகைகள் எல்லாம் அதில்தான். மகன் அதைத் தூக்கிப்போடச் சொல்கிறான்.

பதில்: தூக்கிப்போடாதீர்கள். நெட்டைப் பிடுங்குங்கள். உங்கள் விஷயத்தில் இதுதான் முழு பதில். மீதி எல்லாம் விளக்கம்.

பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7, 2001-இல் வந்தது. எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் இன்றைய பொது முறையான யூனிகோட் அதற்குத் தெரியாது. யூனிகோடுக்கு முந்தைய தமிழ் ஃபாண்ட்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தவை. ஃபாண்ட் இல்லாத கணினியில் திறந்தால் மணமகன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் குப்பை தெரியும். அப்புறம் தட்டச்சு மென்பொருளோடு வந்த டாங்கிள், அதாவது செருகினால்தான் மென்பொருள் ஓடும் அந்தச் சிறு சாவி. அதன் டிரைவர் 32 பிட் காலத்தது என்றால் 64 பிட் விண்டோஸில் ஏறாது. விண்டோஸ் 11 வருவதே 64 பிட்டில் மட்டும்தான். மகன் "பழைய சாஃப்ட்வேர்" என்று சொல்வது உங்களுக்கு எழுத்துக்கோத்து வைத்த தட்டு. அதைக் கலைத்தால் மறுபடி கோக்க ஆள் இல்லை.

அதே சமயம் மகன் பயப்படுவதும் சரி. விண்டோஸ் 7-க்கு வழக்கமான அப்டேட் 2020 ஜனவரி 14-ஆம் தேதி நின்றது. அந்தக் கணினியில் மெயில் பார்ப்பது, ஜிஎஸ்டி கட்டுவது, வாட்ஸ்அப் வெப் திறப்பது எல்லாவற்றையும் இன்றோடு நிறுத்துங்கள். அதற்கு விண்டோஸ் 11 உள்ள வேறொரு கணினியை, செகண்ட் ஹேண்டாகக்கூட, வாங்கிக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் கொண்டுவரும் பென் டிரைவை முதலில் புதுக் கணினியில் சொருகி ஸ்கேன் செய்து, தேவையான கோப்பை மட்டும் உங்கள் சொந்தப் பென் டிரைவில் பழையதற்குக் கொண்டுபோங்கள்.

பழைய ஹார்டு டிஸ்க்கை அப்படியே இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுத்து வைப்பதை இந்த வாரமே செய்யுங்கள். உங்களுக்கு வைரஸைவிட அந்த டிஸ்க்கின் வயதுதான் பெரிய ஆபத்து. அடிக்கடி கேட்டு வரும் பத்திரிகை மாதிரிகளை பிடிஎஃப் ஆகவும் மாற்றிவிடுங்கள். புது வேலைகளை யூனிகோடில் மகன் தொடங்கட்டும். பழையதை எப்போது நிறுத்துவது என்பது தானாகத் தெரியவரும்.

கேள்வி: கல்லூரி மாணவி. அண்ணன் கொடுத்த ஆறாம் தலைமுறை ஐ5 லேப்டாப், விண்டோஸ் 10. தகுதி இல்லை என்று வந்துவிட்டது. புதுசு வாங்கியே ஆக வேண்டுமா? பட்ஜெட் இல்லை.

பதில்: இப்போதே வாங்க வேண்டாம். விண்டோஸ் 10-க்கு நீட்டித்த பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் 13 வரை தருகிறார்கள். மைக்ரோசாப்ட் கணக்கோடு உள்நுழைந்து, செட்டிங்ஸ் விவரங்களை விண்டோஸ் பேக்கப்பில் சேமித்தால் இலவசம். இல்லையென்றால் 30 டாலர் அல்லது அதற்கு ஈடான தொகை. விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே சேரும் இணைப்பு இருக்கும். விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2-இல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு, விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் போடலாம். பிரவுசர், அசைன்மென்ட், வீடியோ எல்லாவற்றுக்கும் போதும். உங்கள் பாடத்துக்கு விண்டோஸில் மட்டுமே ஓடும் மென்பொருள் எதுவும் தேவையா என்பதை மட்டும் துறையில் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னும் பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்தான் இருக்கிறது என்றால், கையில் இருக்கும் பணத்தைச் சுழலும் பாகமே இல்லாத, வேகமான எஸ்எஸ்டி டிஸ்க்குக்குப் போடுங்கள். புது லேப்டாப் வாங்கியது போலவே இருக்கும்.

கேள்வி: போன வாரம் 11-க்கு மாறிவிட்டேன். பிடிக்கவில்லை. பழையதற்குப் போக முடியுமா?

பதில்: மாறிய நாளிலிருந்து பத்து நாள் வரை முடியும். செட்டிங்ஸில் ரெகவரி பக்கத்தில் "கோ பேக்" இருக்கும். கோப்புகள் பெரும்பாலும் அப்படியே இருக்கும், ஆனால் மாறிய பிறகு போட்ட மென்பொருள்கள் போய்விடும். முதலில் கோப்புகளை ஒரு நகல் எடுங்கள். டிஸ்க் நிறைந்துவிட்டதே என்று "விண்டோஸ் டாட் ஓல்டு" என்ற ஃபோல்டரை மட்டும் அழித்துவிடாதீர்கள். திரும்பிப் போக இருக்கும் ஒரே வழி அதற்குள்தான் இருக்கிறது. திரும்பிப் போனதும் மேலே அந்த மாணவிக்குச் சொன்ன நீட்டிப்பில் அன்றைக்கே சேர்ந்துவிடுங்கள்.