கேமராவுக்காக இன்னொரு தடவை

கேள்வி: 1920, 30-களில் எடுத்த மேலைநாட்டு நவீன நடனப் படங்களைப் பார்த்தேன். அந்தக் காலத்துக் கேமராவில் கொஞ்சம் அசைந்தாலே படம் கலங்கிவிடும் என்பார்களே, இவர்கள் மட்டும் எப்படி அந்தரத்தில் அவ்வளவு தெளிவாக நிற்கிறார்கள்?
- வாசகி, கும்பகோணம்

பதில்: மேலே எறிந்த பந்து உச்சிக்குப் போனதும் ஒரு கணம் நிற்கிறதல்லவா, குதிப்பவர் உடம்பும் அப்படித்தான். வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் குறுக்கே ஓடுபவரை 1/50 வினாடியில் எடுத்தால் 6 செ.மீ. நகர்ந்து படம் இழுபட்டுவிடும். நேராக எம்பியவரை உச்சியில் வைத்து அதே 1/50-ல் பிடித்தால் ஒரு மில்லிமீட்டர்கூட இறங்கியிருக்க மாட்டார். ஜெர்மனியில் புகைப்படக்காரர் சார்லோட்டே ருடால்ஃப் எடுத்த, நடனக் கலைஞர் கிரெட் பலுக்காவின் தாவல்களைப் பாருங்கள். அவர் எடுத்த பலுக்கா படங்களை வைத்துத்தான் 1926-ல் ஓவியர் காண்டின்ஸ்கி வெறும் கோடும் வளைவுமாகச் சில படங்கள் வரைந்தார்.

ஆனால் இயற்பியல் பாதிதான், மீதி ஏற்பாடு. 1940-ல் புகைப்படக்காரர் பார்பரா மார்கன் எடுத்த, அமெரிக்க நவீன நடன மேதை மார்த்தா கிரஹாமின் படம் உங்கள் கண்ணில் பட்டிருக்கும்: உடம்பு முன்னே மடங்கியிருக்க, ஒரு கை நெற்றிக்குப் போக, பின்னால் உதைத்த காலோடு நீளப் பாவாடை விசிறி மாதிரி எழும்பி நிற்குமே, அதேதான். அது மேடையில் எடுத்ததே அல்ல. ஆட்டத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்து, எந்த அசைவு வேண்டும் என்று முடிவு செய்து, ஸ்டூடியோவில் விளக்குகளைத் தானே அமைத்து, கேமராவுக்காகவே ஆடச் சொல்லி எடுத்தது. நம் கல்யாண வீட்டில் 'மாப்பிள்ளை, மாலையை இன்னொரு தடவை போடுங்க' என்கிறார்களே, கிட்டத்தட்ட அதுதான், என்ன, இங்கே ஆடியவர் மார்த்தா கிரஹாம்! இதைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். மேடையில் நொடியில் பறந்துபோகிற பாவாடையின் அந்த வளைவை வேறெப்படிப் பார்ப்பது?

கேள்வி: ரஷ்ய நடனக் கலைஞர் நிஜின்ஸ்கி ஆடும் பழைய வீடியோ ஒன்று யூடியூபில் வருகிறதே, நிஜமா?
- வாசகர், மதுரை

பதில்: இல்லை. அவர் ஆடிய படச்சுருள் எதுவும் கிடைக்கவில்லை. சுற்றி வருவது பழைய புகைப்படங்களைக் கணினியில் அசைய வைத்தது. 1912-ல் அவர் அமைத்து ஆடிய ஃபான் (பாதி மனிதன், பாதி ஆடான புராண உருவம்) நடனத்தை பாரன் டி மேயர் புகைப்படமெடுத்தார். கிரேக்கச் சிற்பப் பட்டை மாதிரி பக்கவாட்டில் திரும்பி நின்று நின்று ஆடும் நடனம் அது, மெதுவான கேமராவுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி.