புராண ஓவியத்தில் குறியீட்டையும் மனநிலையையும் எப்படிப் படிப்பது?

ஏதோ வகுப்புக்காகக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 'சிவப்பு கோபம், கறுப்பு மரணம்' என்று ஒரு பட்டியலைக் கையில் கொடுத்திருப்பார்களே? அதை ஓரமாக வையுங்கள்.

அந்தப் பட்டியலோடு எனக்குப் பழைய பகை. ஒரு மாலைநேர ஓவிய ரசனை வகுப்பில், ஸ்பானிய ஓவியர் கோயா வரைந்த சாட்டர்ன் படத்தைத் திரையில் போட்டு, அதிலுள்ள உணர்ச்சி என்ன என்று எழுதச் சொன்னார்கள். பிள்ளை தன்னைக் கவிழ்ப்பான் என்ற வாக்குக்கு அஞ்சி, பிறந்ததையெல்லாம் விழுங்கிய ரோமானியக் கடவுள். கிட்டத்தட்ட நம் கம்சன். எல்லோரும் 'வெறி' என்று எழுதினார்கள். நான் 'பயம்' என்றேன். பத்துக்கு மூன்று போட்டார்கள்.

இன்றும் சொல்கிறேன், பயம்தான். 1636-38 வாக்கில் ஃபிளெமிஷ் ஓவியர் ரூபன்ஸ் வரைந்த சாட்டர்னைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதில் கையில் நீள அரிவாள், அது காலத்துக்கான குறியீடு. தலைக்கு மேல் மூன்று நட்சத்திரங்கள், அவை அவர் பெயரையே கொண்ட சனிக் கிரகத்துக்கு. கிழவர் காரியத்தில் கண்ணாகக் குழந்தையைக் கடிக்கிறார். கோயாவிடம் அரிவாளும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. குழந்தைகூட இல்லை, வளர்ந்த ஆள் ஒருவரின் உடல், தலை ஏற்கெனவே போய்விட்டது. விரல்கள் அதன் முதுகில் புதைந்திருக்கின்றன. பிதுங்கிய கண்கள், கையும் களவுமாகப் பிடிபட்டவனுடையவை. குறியீடுகளையெல்லாம் எடுத்துவிட்டதால்தான் அந்தக் கண்ணை விட்டு நம்மால் நகர முடிவதில்லை.

'இதெல்லாம் உன் கற்பனை' என்று சிலர் வருவார்கள். இருக்கட்டும். 1820-23 வாக்கில் மாட்ரிட் அருகே தன் வீட்டுச் சுவரில் வரைந்த இதற்கு கோயா பெயர்கூட வைக்கவில்லை. இப்போதுள்ள பெயர் மற்றவர்கள் வைத்தது. 1870களில் சுவரிலிருந்து கேன்வாஸுக்கு மாற்றியபோது சேதமும் திருத்தமும் வேறு நடந்தன. அதனால் ஒவ்வொரு கோடும் அவர் போட்டது என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் காது கேட்காத, எழுபது தாண்டிய கிழவர், புத்தி பேதலித்து வரைந்தார் என்று முடித்துவிடுவது சோம்பேறித்தனம்.

படம் பார்க்க நமக்கு யார் சொல்லித் தந்தார்கள்? எங்கள் பள்ளியில் வாரத்துக்கு ஒரு ஓவிய பீரியட். அதையும் கணக்கு வாத்தியார் பிடுங்கிக்கொள்வார். ஓவிய வாத்தியார் ஆண்டு விழாவுக்கு பேனர் எழுதிக்கொண்டிருப்பார்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு படங்களும் மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில்தான் இருக்கின்றன. அவர்கள் இணையதளத்தில் பெரிதாக்கிப் பார்க்கலாம். முதலில் ரூபன்ஸ், அப்புறம் கோயா.