அடியில் கூழாங்கல் போட்டும் தொட்டியில் தண்ணீர் வடியாதது ஏன்?

கேள்வி: தொட்டியில் செம்பருத்தி வளர்க்கிறேன். அடியில் துளைகள் இருக்கின்றன. அவற்றின் மேல் இரண்டு அங்குல உயரத்துக்குக் கூழாங்கல்லும் பரப்பியிருக்கிறேன். ஆனாலும் தண்ணீர் மேலேயே தேங்கி நிற்கிறது. இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன. வாடுகிறதே என்று தினமும் தண்ணீர் விட்டும் செடி தேறவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் தண்ணீர் விடுவதை நிறுத்துங்கள். உங்கள் செடி தாகத்தால் வாடவில்லை, வேருக்கு மூச்சு முட்டுகிறது. தண்ணீரை உறிஞ்ச வேருக்கு ஆக்சிஜன் வேண்டும். மண்ணின் இடுக்குகளில் தண்ணீர் நிறைந்துவிட்டால் ஆக்சிஜன் உள்ளே போவது ஏறக்குறைய நின்றுவிடும். காற்றில் பரவும் வேகத்தில் சுமார் 10,000-இல் ஒரு பங்குதான் தண்ணீரில். அதனால்தான் மண் ஈரமாக இருந்தும் செடி வாடுகிறது.

அடுத்து அந்தக் கூழாங்கல். பலரும் நல்லது என்று நம்பிச் செய்வது இது, ஆனால் பலன் நேர் எதிர். நுண்ணிய மண்ணில் இருக்கும் தண்ணீர், அதற்குக் கீழே பெரிய இடைவெளிகள் இருந்தால் சுலபத்தில் அவற்றுக்குள் இறங்காது. கல்லுக்கு மேலேயே ஓர் ஈர அடுக்காகத் தங்கிவிடும். கல் இல்லாவிட்டால் அந்த அடுக்கு தொட்டியின் அடியில் இருக்கும். கல் போட்டதால் இரண்டு அங்குலம் மேலே ஏறி வேருக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. நனைந்த ஸ்பாஞ்சைப் படுக்கை வாட்டில் பிடித்துச் சொட்டு நின்றபின் நிமிர்த்திப் பாருங்கள், மறுபடி தண்ணீர் வடியும். தொட்டி மண்ணும் அப்படித்தான். உயரமான தொட்டி நன்றாக வடிவதும், அகலமாகத் தட்டையாக இருப்பது சொதசொதப்பதும் இதனால்தான்.

ஆகவே மாற்ற வேண்டியது மொத்த மண்கலவையையும். தோட்ட மண் ஒரு பங்கு, நன்கு மட்கிய உரம் ஒரு பங்கு, பருமனான துகள்கள் ஒரு பங்கு என்று கலக்கலாம். பருமனான துகள்கள் என்றால் பெர்லைட் (சூட்டில் பொரித்த, எடை குறைந்த வெண்ணிற எரிமலைக் கல்), உடைத்த செங்கல், பொடிக்கல் போன்றவை. 2 முதல் 5 மில்லிமீட்டர் அளவு போதும். சலித்துத் தூசியை நீக்கிவிடுங்கள், தூசி இடுக்குகளை அடைத்துவிடும். களிமண் என்றால் மண்ணைப் பாதியாகக் குறையுங்கள். நுண்மணலைச் சேர்க்காதீர்கள், களிமண்ணோடு சேர்ந்து இன்னும் இறுகிப்போகும். ஒரு கைப்பிடி பெர்லைட் தூவுவதாலும் பயனில்லை, துகள்கள் ஒன்றையொன்று தொடும் அளவுக்கு இருந்தால்தான் காற்று போக வழி கிடைக்கும். தென்னை நார்த்தூள் மண்ணை இலகுவாக்கும்தான், ஆனால் தண்ணீரை நிறையப் பிடித்து வைக்கும். உங்கள் செடிக்கு இப்போது அதைக் கொஞ்சமாகவே சேர்ப்பேன்.

செடியை வெளியே எடுக்கும்போது வேரைக் கவனியுங்கள். வெளிர்நிறமாக, உறுதியாக இருந்தால் நல்ல வேர். பழுப்பாகி, விரலால் இழுத்தால் மேல்தோல் வழுக்கிக் கழன்று உள்ளே நூல் மட்டும் மிஞ்சினால் அழுகிவிட்டது. சுத்தமான கத்தரிக்கோலால் வெட்டிவிடுங்கள். நிறைய வேர் போய்விட்டால் கிளைகளையும் கொஞ்சம் கவாத்து செய்யுங்கள். துளையின் மேல் கல்லுக்குப் பதில் ஒரு வலைத்துண்டு போதும். மண்ணை அழுத்தி நிரப்ப வேண்டாம், தொட்டியை இரண்டு முறை தட்டினாலே அமர்ந்துவிடும்.

இப்போதைக்கு மண் மாற்ற முடியாதா? சரி, துளைகளைக் குச்சியால் குத்தி அடைப்பை எடுங்கள். தொட்டியைச் செங்கல்மேல் தூக்கி வையுங்கள். தண்ணீர் விட்டபின் சிறிது நேரம் சாய்த்து வைத்தாலும் தேங்கியதில் ஒரு பகுதி வடியும். அடித்தட்டில் தண்ணீர் நிற்க விடாதீர்கள்.

புது மண்ணுக்கு மாற்றியபின் சில நாள் வெயில் குறைந்த இடத்தில் வையுங்கள். இரண்டு அங்குல ஆழத்தில் விரலுக்கு ஈரம் தட்டாதபோது மட்டும் தண்ணீர் விடுங்கள். புதுத் தளிர் வரும்வரை உரம் வேண்டாம். மட்கு உரம் நாளடைவில் சிதைந்து மண் மறுபடி இறுகும், எனவே ஒன்றிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கலவையைப் புதுப்பிக்க வேண்டியிருக்கும்.